மலை நிறையப் புல், மாட்டுக்குப் பட்டினி

தை பாதி கடந்த ஒரு காலை. ஜவ்வாது மலையடிவாரத்தில், ஒடுகத்தூர் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் பால் சொசைட்டியில் அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெரு அக்கா கேனை இறக்கி வைத்தாள். கார்த்திகையில் வேளைக்கு நாலு லிட்டர் ஊற்றியவள். அன்றைக்கு இரண்டரைதான். சீட்டை வாங்கிப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா தம்பி, உன் மிஷினு இன்னாதான் சொல்லுது? காலையில அவுத்து உட்டா பொழுது சாயறப்பதான் மாடு வருது. வவுறு முட்டிகினு வருது. அப்புறம் பாலு எங்க போவுது? மலையில புல்லுக்கு இன்னா பஞ்சமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "கன்னு குடிச்சிடுதோ என்னமோக்கா" என்று சமாளித்தேன். கன்றை அவள் விற்று ஒரு மாதம் ஆகியிருந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிப் போனதில்தான் புல்லைப் பற்றி நானே படித்துக்கொண்டேன். மிஷினில் கோளாறு இல்லை. மாடும் நிஜமாகவே வயிறு முட்டத்தான் மேய்ந்திருந்தது. கோளாறு புல்லின் வயதில். புரட்டாசியில் அந்தச் சரிவில் நின்ற அதே புல், அதே வேர், அதே தூர்தான் தையிலும் நிற்கிறது. ஆனால் மாட்டுக்கு அது வேறு பண்டம் ஆகிவிட்டது.

வெண்டைக்காயின் நுனி

சந்தையில் வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்ப்போம். பட்டென்று ஒடிந்தால் இளசு. வளைந்து நார் தெரிந்தால் முற்றல், கூடையிலேயே போட்டுவிடுவோம். கடைக்காரர் முறைத்தாலும் கவலைப்படுவதில்லை. அந்த நுனிக்குள் நடந்திருப்பதுதான் புல்லுக்குள்ளும் நடக்கிறது.

எந்தச் செடியும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான அறைகளால் ஆனது. ஒவ்வோர் அறைக்கும் சுவர் உண்டு, உள்ளே சாறு உண்டு. சர்க்கரை, புரதம், கொஞ்சம் கொழுப்பு எல்லாம் பெரும்பாலும் சாற்றில்தான் இருக்கும். மாடு மென்று விழுங்கினால் சாறு கிட்டத்தட்ட முழுக்கச் செரித்துவிடும். சுவர் அவ்வளவு சுலபமாக மசியாது. செல்லுலோஸ் என்ற நார்தான் அதில் பெரும்பங்கு. பருத்திப் பஞ்சும் அதே பொருள்தான். செல்லுலோஸை நம் வயிறு தொடமுடியாது, மாட்டு வயிறு உடைத்துவிடும். ஆனால் செடிக்கு வயது ஏற ஏற, தண்டு நிமிர்ந்து நிற்பதற்காக, அந்த நாரின் இடுக்குகளில் லிக்னின் என்ற பசை ஏறிக் கெட்டிப்படுகிறது. மரத்தை மரமாக்குவது அந்தப் பசைதான். லிக்னின் பூசிய நாரை மாட்டு வயிறும் சரியாக உடைக்கமுடியாது.

1960களில் பீட்டர் வான் சோஸ்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை அளக்க ஒரு வழி சொன்னார். காய்ந்த புல்லைப் பொடித்து, ஒருவகைச் சோப்புக் கரைசலில் கொதிக்கவைக்க வேண்டும். சாறு கரைந்து போய்விடும், சுவர் மட்டும் மிஞ்சும். மிஞ்சியதை நிறுத்துப் பார்த்தால் போதும். நம் ஊர்ப் புற்களில் இளசாக இருக்கும்போது சுவரின் பங்கு பாதிக்குச் சற்று மேலே இருக்கும். முற்றியதும் முக்கால் பங்குக்கு வந்துவிடும்.

இதற்கு ஆய்வகமே வேண்டாம், மலைக் கிராமத்துக் கூரையைப் பார்த்தாலும் தெரியும். கூரை வேய மஞ்சம்புல் அறுப்பவர்கள் ஆவணியில் அறுக்க மாட்டார்கள். மழை ஓய்ந்து, தண்டு முற்றிக் காய்ந்த பிறகுதான் அரிவாளை எடுப்பார்கள். இளம்புல்லால் வேய்ந்த கூரை ஒரு மழைக்கே மக்கிவிடும், முற்றிய புல் வருஷக்கணக்கில் தாங்கும். மக்குவது என்றால் என்ன? நுண்ணுயிர்கள் தின்பதுதான். முற்றிய புல்லில் அவற்றுக்கு வாய் வைக்க இடம் இல்லை. மாட்டின் வயிற்றில் புல்லைச் செரிப்பதும் அதே இனத்து வேலைக்காரர்கள்தான். கூரைக்கு எது உசத்தியோ, அது மாட்டுக்கு ஆகாது.

புல்லைத் தின்பது யார்?

மாடு புல் தின்கிறது என்று சொல்வது பேச்சு வழக்கு. உண்மையில் மாடு நுண்ணுயிர்களுக்குப் புல் ஊட்டுகிறது, நுண்ணுயிர்கள் மாட்டுக்குச் சோறு போடுகின்றன. மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறையான ரூமன் ஒரு பெரிய அண்டா. வளர்ந்த பசுவுக்கு அது 100 லிட்டர் கூடப் பிடிக்கும். அதில் ஒரு மில்லிலிட்டர் சாறு எடுத்தால் ஆயிரம் கோடி பாக்டீரியா இருக்கும். அவைதான் நாரை உடைத்து மாடு உறிஞ்சக்கூடிய அமிலங்களாக மாற்றுகின்றன. பிறகு அவையே அடுத்த அறைகளுக்கு அடித்துச் செல்லப்பட்டு, செரித்து, மாட்டுக்குப் புரதமும் ஆகின்றன.

இந்த வேலைக்காரர்களுக்குக் கூலி நைட்ரஜன். புல்லில் இருக்கும் புரதத்திலிருந்துதான் அது வரவேண்டும். 1883இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வகத்தில் இருந்த யோகான் கெல்டால், பார்லியில் புரதம் எவ்வளவு என்று பார்க்க நைட்ரஜனை அளக்கும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். அதனால் நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கினால் புரதக் கணக்கு வந்துவிடும். தீவன மூட்டையில் 'கச்சாப் புரதம்' என்று அச்சடித்திருப்பது இந்தக் கணக்கைத்தான். பீருக்காகக் கண்டுபிடித்தது, நம் ஊர்ப் புண்ணாக்கு வரை வந்து சேர்ந்தது.

மேய்ச்சல் புல்லில் கச்சாப் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் ரூமனில் வேலை படுத்துவிடும் என்பது தீவன அறிவியலில் எல்லோரும் கைக்கொள்ளும் கோடு. மாடு தன் உடம்பில் உண்டாகும் யூரியாவில் ஒரு பங்கை உமிழ்நீர் வழியாக ரூமனுக்கே திருப்பி அனுப்பிச் சமாளித்துப் பார்க்கும். அதற்கும் எல்லை உண்டு. கூலி இல்லை, வேலைக்காரர்கள் குறைகிறார்கள், நார் உடைய நாளாகிறது. உடையாத நார் அண்டாவை விட்டு நகராது. அண்டா காலியாகாமல் மாடு மேலே தின்னமுடியாது. அக்கா பார்த்த 'வவுறு முட்டிகினு' வந்த மாடு இதுதான். வயிறு நிறைந்திருந்தது, ஆனால் நேற்றும் முந்தாநாளும் தின்ற சக்கையால்.

கணக்குப் போட்டால் இன்னும் உறைக்கும். 300 கிலோ எடையுள்ள பசு ஒன்று, நல்ல இளம்புல் கிடைத்தால், ஈரத்தைக் கழித்து ஒரு நாளைக்குத் தன் எடையில் 2.5 சதவீதம் தின்னும். அதாவது 7.5 கிலோ. அதில் 10 சதவீதம் புரதம் என்றால் 750 கிராம். தையில் அதே மாடு 1.5 சதவீதம்தான் தின்னும், 4.5 கிலோ. புல்லில் புரதம் 4 சதவீதமாகியிருக்கும். கிடைப்பது 180 கிராம். புல்லின் தரத்தை மட்டும் பார்த்தால் பாதிக்குச் சற்றுக் கீழேதான் போயிருக்கிறது. தின்னும் அளவும் சேர்ந்து குறைவதால் மாட்டுக்குக் கிடைப்பது நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. பால் சுரப்பது இருக்கட்டும், உடம்பு தேயாமல் நிற்கவே இது போதாது.

வேலூர்ப் புல்லின் ஒரு வருஷம்

வேலூருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. தென்மேற்குப் பருவத்திலும் மழை, வடகிழக்குப் பருவத்திலும் மழை. டெல்டாக்காரர்கள் ஐப்பசிக்காகக் காத்திருக்கும்போது இங்கே ஆடி, ஆவணியிலேயே மானாவாரிக் கொல்லியில் மல்லாட்டை பூத்துவிடும். (கொல்லி என்றால் புஞ்சை நிலம். மல்லாட்டை வேர்க்கடலைதான். எங்கள் பக்கம் மல்லாட்டை என்றால்தான் சுவை.) அதனால் புல்லுக்கும் இங்கே இரண்டு துளிர்ப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. இரண்டாவது துளிர்ப்பில் ஒரு சங்கடம் இருக்கிறது, வருகிறேன்.

சித்திரையில், கத்திரி வெயிலுக்கு நடுவே, ஒரு கோடை மழை கொட்டும். நாலு நாளில் மலைச்சரிவு பச்சைத் துணி போர்த்தியதுபோல ஆகிவிடும். பார்க்கிற நமக்கு மனசு குளிரும். மாட்டுக்கு அதுதான் வருஷத்திலேயே ஏமாற்றமான வாரம். அந்தத் தளிரில் புரதம் ஏராளம், ஆனால் 80 சதவீதம் தண்ணீர். ஈரம் கழித்து 7.5 கிலோ தீனி கிடைக்க 37.5 கிலோ பச்சைப்புல் கடிக்கவேண்டும். புல் ஒரு விரற்கடை உயரம்தான். மாடு பச்சையைத் துரத்திக்கொண்டே பாறைக்குப் பாறை ஏறும், பக்கத்தில் நிற்கிற காய்ந்த புல்லை மதிக்காது. நடந்த நடைக்குத் தின்றது சரியாகிப் போகும். சாணியும் தண்ணியாகக் கழியும்.

செம்மறி ஆட்டுக்கு இந்த வாரம் ஏமாற்றத்தோடு போகாது, உயிருக்கே ஆபத்து. குடலில் எப்போதும் சாதுவாக இருக்கும் ஒரு பாக்டீரியா, திடீரென்று வளமான தீனி வந்து இறங்கியதும் மளமளவென்று பெருகி நஞ்சு கக்கும். துள்ளுமாரி என்பது இதுதான். மந்தையில் இருப்பதிலேயே கொழுத்த குட்டி, முந்தின நாள் வரை குதித்துக்கொண்டிருந்தது, காலையில் செத்துக் கிடக்கும். மழைக்கு முன்பே தடுப்பூசி போடச் சொல்வது இதற்காகத்தான். எங்கள் ஊர் ஆட்டுக்காரப் பெரியவர் தடுப்பூசியும் போடுவார். முதல் மழைக்குப் பிறகு பத்து நாள், பட்டியைத் திறக்கும் முன் ஒரு கை காய்ந்த தீனி போட்டுப் பனி காய்ந்த பிறகே ஓட்டுவார். வெறும் வயிற்றோடு இளம்புல்லில் இறங்கவிடமாட்டார்.

ஆடி மழை ஊன்றிப் பெய்து, ஆவணியும் வந்தால் புல் தேறிவிடும். கொழுக்கட்டைப்புல், அருகு, சரிவில் ஊசிப்புல் எல்லாம் இலை விட்டு முழங்காலுக்கு நிற்கும். தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கும், தண்டைவிட இலை அதிகம், புரதம் 10 சதவீதத்துக்குக் குறையாது, தின்றதில் 60 சதவீதத்துக்கு மேல் செரிக்கும். ஆவணியும் புரட்டாசியும் சேர்ந்த இந்தக் கார்காலத்தைத்தான் ஆயர்களின் முல்லை நிலத்துக்குரிய பெரும்பொழுது என்று பழந்தமிழர் வகுத்தார்கள். இலக்கிய ஆசிரியர்கள் அதற்குக் காதல் காரணம் சொல்லுவார்கள். பால் அளக்கிறவன் கண்ணுக்குப் புல்லின் காரணமும் தெரிகிறது.

இந்தச் செழிப்பு ஏன் நீடிப்பதில்லை? நம் மேய்ச்சல் புற்களில் பெரும்பாலானவை கரும்பு, சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றின் கூட்டாளிகள். வெயிலை அள்ளிக் குடித்து மளமளவென்று வளரும் வகை. அந்த வேகத்துக்கு விலை உண்டு. இலையின் நரம்புகளைச் சுற்றியே தடித்த சுவர் கொண்ட ஓர் உறை இருக்கும், அது சீக்கிரம் செரிக்காது. சூடு ஏறினால் லிக்னினும் வேகமாக ஏறும். குளிர்நாட்டுப் புல் நிதானமாக முற்றும், நம் புல் நாலைந்து வாரத்திலேயே கதிர் தள்ளத் தயாராகிவிடும். சீமைப் பால்பண்ணைப் படங்களில் பசுக்கள் புல்லை மட்டும் தின்று இருபது லிட்டர் கறப்பதைப் பார்த்துவிட்டு நம் மாட்டைத் திட்டுவது நியாயமில்லை.

கதிர் தள்ளுவதுதான் திருப்புமுனை. அதுவரை இலை விட்டுக்கொண்டிருந்த புல், இப்போது தண்டை உயர்த்திக் கணுவை முற்றவைக்கும். இலையில் இருந்த புரதம் விதைக்குப் போகும். விதை முற்றி உதிர்ந்துவிடும். மிச்சத்தைப் பல்லாண்டுப் புல் வேருக்கு இறக்கி அடுத்த மழைக்குப் பத்திரப்படுத்தும். வெளியே நிற்பது, குடியிருந்தவர்கள் சாமான் ஏற்றிக்கொண்டு போன வீடு. சுவர் மட்டும் இருக்கும்.

ஊசிப்புல்லில் இதைக் கையிலேயே பார்க்கலாம். அதன் விதைக்கு நீளமான கறுப்பு வால் ஒன்று, கயிறுபோல முறுக்கிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் நாங்கள் அதை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டு எச்சில் தொட்டு வைப்போம். பூச்சி மாதிரி மெதுவாகச் சுற்றத் தொடங்கும். ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கும். அப்படித் திருகித் திருகியே விதை மண்ணுக்குள் இறங்கும். அதே திருகல்தான் வேட்டியைத் துளைக்கிறது, செம்மறியின் தோலில் ஏறுகிறது, மாட்டின் ஈறில் குத்திப் புண்ணாக்குகிறது. தோலுக்குள் ஏறிய ஊசி பதனிடும்போதும் ஓட்டையாகத் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிற எங்களுக்கு அது இன்னொரு நஷ்டம். ஊசி தள்ளிய புல்லை மாடு ஒதுக்குவதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது அந்தச் சங்கடம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை வரும்போது, ஆடியில் முளைத்த ஒருபருவப் புற்கள் விதை போட்டு முடித்திருக்கும். பல்லாண்டுப் புல்லின் தூரில் புதுத் துளிர் வரும், ஆனால் அதைச் சுற்றி ஆவணித் தண்டுகள் வேலி மாதிரி நிற்கும். மாடு துளிரைக் கடிக்கப் போனால் வாயில் பாதி சக்கை வரும். அதோடு, காய்ந்து நிற்கும் புல்லில் மிச்சமிருக்கிற கரையக்கூடிய சத்தையும் மழை அலசி மண்ணில் இறக்கிவிடும். தேயிலையை இரண்டாம் முறை கொதிக்கவைத்தது போலத்தான். பிறகு மார்கழிப் பனியில் பூஞ்சாணமும் பிடிக்கும். மழை சட்டென்று நின்றுவிடும் வறண்ட சீமைகளில் நின்றபடியே காய்கிற புல் கொஞ்சம் சத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். நமக்கு மழை இரண்டு தரம் வருவதால் அந்த வாய்ப்பும் குறைவு.

தை, மாசி, பங்குனியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. புரதம் 3, 4 சதவீதம், நெல் வைக்கோலுக்குச் சமம். பச்சை போனதும் கரோட்டின் போய்விடும். வைட்டமின் ஏ மாட்டின் ஈரலில் சில மாதத்துக்கு இருப்பு இருக்கும், கோடை நீண்டால் கன்றுகளுக்கு மாலைக்கண் கூட வரும். பாஸ்பரசும் குறையும். பங்குனியில் மாடு எலும்பைக் கடித்துக்கொண்டோ, கொடியில் காயும் துணியைச் சப்பிக்கொண்டோ நின்றால் அதைக் கெட்ட பழக்கம் என்று அடிக்கிறார்கள். தாது உப்பு கேட்டு நிற்கிறது அது.

சீட்டும் சாணியும்

புல்லை ஆய்வகத்துக்கு அனுப்பாமலேயே அதன் தரத்தைச் சொல்லும் இரண்டு பொருள்கள் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன.

ஒன்று பால் சீட்டு. மழைக்காலத்தில் பால் கூடும், ஃபேட் குறையும். 'தண்ணி ஊத்திட்டியா' என்ற சந்தேகம் எழுவது இந்த மாதங்களில்தான். பெரும்பாலும் பாவம், ஊற்றியிருக்கமாட்டார்கள். பாலில் கொழுப்பு உண்டாக ரூமனில் நார் உடைந்து வரும் அமிலம் வேண்டும், இளம்புல்லில் நார் குறைவு. கோடையில் தலைகீழ்: பால் அளவு இறங்கும், ஃபேட் ஏறும். ஃபேட் ஏறியதைப் பார்த்து மாடு தேறிவிட்டது என்று நினைத்துவிடக்கூடாது. அந்த மாதங்களில் நான் முதலில் பார்ப்பது எஸ்.என்.எஃப், அதாவது பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள். மாட்டுக்குத் தின்பது போதாமல் போனால் அது மெல்ல மெல்ல இறங்கும்.

இன்னொன்று சாணி. சிரிக்கவேண்டாம், மேய்ச்சல் நில ஆய்வாளர்களே சாணியின் வடிவத்துக்கு மதிப்பெண் போட்டுத் தீவனத் தரத்தைக் கணிக்கிறார்கள். புரதம் ஏராளமாக இருந்தால் சாணி வடிவமில்லாமல் பரவும். தரம் சரியாக இருந்தால் தோசைமாவு ஊற்றியதுபோல வட்டமாக விழுந்து நடுவில் சின்னக் குழி விழும். புரதம் கோட்டுக்குக் கீழே போனால் கெட்டியாக, அடுக்கடுக்காக, பிட்டுத் துண்டுபோல நிற்கும். உடைத்தால் செரிக்காத நார் கண்ணுக்குத் தெரியும். வரட்டி தட்டும் அம்மாக்களுக்கு இது பல்கலைக்கழகப் பாடமே இல்லை. மழைக்காலச் சாணி சுவரில் நிற்காது, உமி சேர்த்தால்தான் நிற்கும். மாசியில் தட்டுகிற வரட்டி கல் மாதிரி இருக்கும், நன்றாக எரியும். வரட்டி நன்றாக எரிகிறது என்றால், மாடு செரித்திருக்கவேண்டியது அடுப்பில் எரிகிறது.

அதே மலை, அதே மாசி மாதம், ஆடு மட்டும் ஓரளவுக்குத் தேறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மாடு நாக்கைச் சுழற்றி வாரிக் கடிக்கும். எது வாய்க்குள் வருகிறதோ அதுதான். வெள்ளாடு மெல்லிய உதட்டால் இலை இலையாகப் பொறுக்கும், பின்னங்காலில் நின்று மரத்தையும் எட்டும். மரத்தின் வேர் ஆழத்தில் ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அதன் இலையின் சத்து மழையோடு ஏறி இறங்குவதில்லை. இலந்தை, வெள்வேல், வேம்பு இலைகளில் கோடையிலும் 10 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கும். வேலங்காய் உதிர்கிற நாட்களில் ஆடு சாப்பாட்டுப் பந்திக்குப் போவதுபோலத்தான் போகும். ஆட்டுக்காரப் பெரியவரிடம் மாட்டைப் பற்றிக் கேட்டேன். "கணு முத்திப்போனா மாடு மென்னுகினேதான் இருக்கும், ஒடம்புல ஒட்டாது. என் ஆடு அந்த வம்புக்கே போவாது" என்றார். ஆட்டுக்காரருக்கு மாட்டுக்காரர்கள்மேல் எப்போதுமே ஓர் இளக்காரம்.

மாட்டுக்கும் கோடையில் ஓர் இடம் உண்டு, ஏரி உள்வாய். தை முதல் தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, ஈரம் காய்ந்த விளிம்பில் அருகும் கோரையும் புதிதாகத் துளிர்க்கும். ஒரே நாளில் எல்லாம் முளைத்து ஒரே நாளில் முற்றாமல், தண்ணீர் இறங்கும் வேகத்தில் பட்டை பட்டையாகத் துளிர் வரும். எப்போதும் ஏதோ ஒரு பட்டை இளசாக இருக்கும். உள்வாயைச் சீமைக் கருவேலம் அடைத்துக்கொண்ட ஏரிகளில் இந்த மேய்ச்சல் போய்விட்டது. அதன் காய் ஆட்டுக்கு ஆகும்தான், ஆனால் போனதற்கு அது ஈடில்லை.

அக்காவுக்கு என்ன சொன்னேன்

பதில் தெரிந்த பிறகு அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அது தெரிஞ்சி இன்னா பண்றது? மலையைப் பேத்து மாத்தவா முடியும்?" என்றாள். நியாயமான கேள்வி.

மாற்றமுடியாது. ஆனால் ரூமனில் இருக்கிற வேலைக்காரர்களுக்குக் கூலி கொடுக்கமுடியும். காய்ந்த புல்லில் நார் என்ற மூலப்பொருள் ஏராளம், குறைவது நைட்ரஜன். அதனால் வறண்ட மாதங்களில் கொஞ்சம் புரதம் சேர்த்தால் அந்தக் கொஞ்சத்தின் சத்தோடு, புல்லின் சத்தும் கூடுதலாக இறங்கும். தவிட்டைக் கூட்டுவதைவிட ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கு பலன் தருவது இதனால்தான். காசு இல்லாவிட்டால் அகத்தி, சுபாபுல் தழை. சுபாபுல் மட்டும் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, அதில் ஒரு நச்சுப்பொருள் உண்டு. மல்லாட்டைக் கொடியை இலை உதிராமல் காயவைத்துப் போர் போட்டவர்களுக்குக் கோடையில் பாதிக் கவலை இல்லை. அந்த இலையில்தான் புரதம், வெறும் கொடி வைக்கோலுக்குத் தம்பி.

வைக்கோலுக்கு யூரியா ஊட்டும் முறையும் பழையதுதான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைக்கவேண்டும். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா நாரைத் தளர்த்தும், நைட்ரஜனும் ஏறும். 3, 4 சதவீதத்தில் இருந்த கச்சாப் புரதம் 7ஐத் தொடும். எடுத்து ஆறவிட்டு வாடை போன பிறகு போடவேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது. யூரியாவை அப்படியே தின்றாலோ, கரைத்த தண்ணீரைக் குடித்தாலோ மாடு செத்துவிடும், அதில் விளையாட்டு இல்லை. செய்து பார்க்க விரும்புகிறவர்கள் முதல் முறை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடமோ கேட்டுக்கொண்டு செய்யலாம்.

மலைக்குத் தீ வைப்பதையும் சொல்லவேண்டும். எரிந்த இடத்தில் வரும் துளிர் சத்துள்ளதுதான், அந்த ஆசையில்தான் யாரோ தீக்குச்சி கிழிக்கிறார்கள். அந்தத் துளிர் சில வாரம். அதற்காக விதை, கன்று மரம், முயல், காடை எல்லாம் எரியும். வனத்துறை வழக்கும் வரும். எனக்கு இதில் இரண்டு கருத்து இல்லை.

இன்னொன்றும் மனசில் உறுத்துகிறது. தை, மாசியில் எங்கள் மாவட்டம் முழுக்க எருது விடும் விழா. ஓடுகிற காளைக்குக் கொள்ளு, பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம். அதே கொட்டாயில், நாலடி தள்ளி, வீட்டுக்குக் காசு கொண்டுவரும் கறவை மாடு மலையில் சக்கையை மென்றுவிட்டு வந்து நிற்கும். காளைக்குக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லவரவில்லை, நானும் விழாவுக்குப் போய்க் கத்துகிறவன்தான்.

சத்து இருக்கும்போதே புல்லை அறுத்துக் காயவைத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் மலிவு. கதிர் பாதி தள்ளும் சமயம் சரியான சமயம். அதற்கு முன் அறுத்தால் அளவு குறைவு, பின்னால் அறுத்தால் தரம் குறைவு. ஆனால் எங்கள் ஊரில் புல் கதிர் தள்ளுகிற சமயம் மழைச் சமயம். அறுத்த புல் காயாமல் அழுகும். பாடமாகச் சொல்ல எளிது, செய்வதில் இருக்கிற முடிச்சு இதுதான். எனக்கும் இதற்கு வழி தெரியவில்லை.

வழி அக்காதான் கண்டாள். அடுத்த புரட்டாசியில், மழை நாலு நாள் விட்ட இடைவெளியில், கொல்லி வரப்பிலும் ஓடைக்கரையிலும் நின்ற கொழுக்கட்டைப்புல்லை அறுத்தாள். களத்தில் காயப்போடவில்லை, மண் ஈரம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மொட்டைப் பாறையில் பரப்பினாள். மேகம் விலகிய வெயிலிலேயே எங்கள் ஊர்ப் பாறை கால் வைக்கமுடியாமல் சுடும். மேலே வெயில், கீழே சூடு. இரண்டு தரம் திருப்பிப் போட்டாள், மூன்றாம் நாள் சாயங்காலம் கட்டு கட்டி ஏற்றிவிட்டாள். போய் ஒரு தாளை ஒடித்துப் பார்த்தேன். பச்சை நிறம் போகாமல் காய்ந்திருந்தது, பட்டென்று ஒடிந்தது. மொத்தம் பதினெட்டுக் கட்டு. தையில் நாளைக்கு அரைக் கட்டு என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.